பண்ருட்டிப் பலா, சவுக்குக் காய் சைஸில்

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஓடும் பொம்மை கூட்ஸ் வண்டியில் இப்போது ஏறியிருக்கும் சரக்கு: பண்ருட்டிப் பலாப்பழம் ஒரு வேகன், நெல்லிக்குப்பம் கரும்பு ஒரு வேகன், நெய்வேலி நிலக்கரி ஒரு வேகன். பலாப்பழம் என்பது சவுக்குக் காய். கரும்பு, தேய்ந்துபோன துடைப்பத்து ஈர்க்குச்சி. நிலக்கரி, தெருமுனை இஸ்திரிக்காரர் சாயங்காலம் கொட்டிவிட்டுப் போகிற கரி. பசைக்குக் கொடுத்த காசைத் தவிர வேறு செலவு கிடையாது.

நான் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்பா ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்து 2003-இல் ரிட்டயர் ஆனவர். கடலூர் துறைமுகம் சந்திப்பின் கூட்ஸ் ஷெட்டில் ரொம்ப காலம் இருந்தார். தம்பி ஜெர்மனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அங்கே யாரோ வீட்டைக் காலி செய்கையில் விற்ற தோட்ட ரயில் செட் ஒன்றை வாங்கி வந்தான். எல்.ஜி.பி. கம்பெனியுடையது. குட்டி நீராவி இன்ஜின், வட்டமாகப் போடப் பன்னிரண்டு வளைவுத் தண்டவாளம், இரண்டு வேகன். இந்த வகைத் தோட்ட ரயிலை அவர்கள் 1968-லிருந்து செய்கிறார்கள். தண்டவாளம் பித்தளை. மழையில் கிடந்தாலும் துருப்பிடிக்காது, நம் கடல் காற்றில் கறுக்க மட்டும் செய்யும். மற்ற தண்டவாளமெல்லாம் தம்பி பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. வேகன்களில் பாதி நானே பி.வி.சி. பலகையில் அறுத்து ஒட்டியவை. அந்தக் கதை வேண்டாம், அது தச்சு வேலை. இங்கே சொல்ல வந்தது வேகனுக்குள் என்ன போடுகிறோம், பாதையோரம் என்ன வைக்கிறோம் என்பதை.

முதலில் அளவு. அது பிடிபட்டால் குப்பைக்கூடையைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும். இந்த ரயிலின் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 45 மி.மீ. அசலில் 22.5 மடங்கு பெரிது என்று வைத்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வருகிறது. அதாவது நம் பழைய மீட்டர் கேஜ். விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறைக்குப் போன பாதை, 2010-இல் அகலப்பாதையாகத் திறக்கும் முன்னால் அந்த கேஜில்தான் இருந்தது. ஜெர்மன்காரன் பொம்மை அப்பாவின் பாதைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது தற்செயல்தான். ஆனால் அப்பா அதைத் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்ஜினைப் பார்த்து "பால் கூஜாவுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு" என்று சிரித்தவர், கேஜ் கணக்கைச் சொன்னதும் நாற்காலியைத் தோட்டத்தில் போடச் சொல்லிவிட்டார்.

அசலில் ஒரு மீட்டர் என்றால் இங்கே ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர். பழைய தையல் டேப் ஒன்றின் பின்பக்கத்தில் 4.4 செ.மீ.க்கு ஒரு கோடாகப் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று மீட்டர் என்று எழுதிவைத்திருக்கிறேன். கையில் எது கிடைத்தாலும் அந்த டேப்பை வைத்துப் பார்ப்பேன். தூக்கிப்போட வைத்திருந்த பேனாவின் உடல் 8 மி.மீ. என்றால் அது 18 செ.மீ. குழாய், போர்வெல் கேசிங் பைப். உடைந்த குடையின் கம்பியை உற்றுப் பார்த்தால் அது தகட்டை மடித்த சின்ன வாய்க்கால். 3 மி.மீ. அகலம் என்றால் அசலில் ஏழு சென்டிமீட்டர். இரும்புக்கடையில் சேனல் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது அதேதான். எட்டுக் கம்பியையும் வெட்டி அடுக்கிக் கட்டினால் ஒரு வேகன் இரும்பு லோடு. குடைத்துணி வேகனை மூடுகிற தார்ப்பாய்.

நிறையப் பேர் செய்வது என்னவென்றால், பொருள் எதைப் போல இருக்கிறது என்று பார்க்கிறார்கள். தீக்குச்சி மரம்தானே, மரக்கட்டை லோடாக வைக்கலாம் என்று. சதுரமாக, ஒரே நீளமாக, ஒரே வெள்ளையாக அடுக்கிவைத்தால் அது தீக்குச்சியாகத்தான் தெரியும். அளவும் ஒழுங்கின்மையும் சேர்ந்து வந்தால்தான் கண் ஏமாறும். சவுக்குக் கழி வேண்டுமென்றால் நான் செம்பருத்தியைக் கவாத்து செய்த குச்சியை எடுப்பேன். அடி 5 மி.மீ., நுனி 3 மி.மீ., நீளம் 20 செ.மீ.க்கு மேல். அடியும் நுனியும் மாற்றி மாற்றி அடுக்குவேன். கடலூரிலிருந்து புதுச்சேரி வரை கடற்கரை மணலில் சவுக்குத் தோப்பு பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தோப்பின் தரையிலிருந்து பொறுக்கியதுதான் பலாப்பழமும். சவுக்குக் காய் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். நல்ல பண்ருட்டிப் பழம் ஒன்று 45 செ.மீ. நீளம் இருந்தால், நம் அளவில் சரியாக 2 செ.மீ. உருண்டை, நீளம், மேலே முள், எல்லாம் தானாகவே அமைந்திருக்கிறது. ஒரே சிக்கல், காய் காய்ந்ததும் வாய் பிளந்துகொள்ளும். அப்படியே வர்ணம் அடித்தால் முள்ளம்பன்றிக் குட்டியாகிவிடும். மரத்தூளைத் தண்ணீர் படாத மரப்பசையில் குழைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அந்தப் பிளவுகளில் தேய்க்க வேண்டும். அரை மணி நேரம் விட்டு ஈரத்துணியால் மேலோடு துடைத்தால் முள் நுனி மட்டும் வெளியே நிற்கும். அப்புறம் பச்சை. அதன் மேல் உலர்ந்த பிரஷ்ஷில் மஞ்சளும் பழுப்பும் லேசாக. எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கக் கூடாது. பழுத்தது, செங்காய், அடிபட்டுக் கறுத்தது என்று கலந்திருக்க வேண்டும். காம்புக்கு ஒரு துண்டு ஈர்க்குச்சி.

இதை வேகனில் கொட்டி அப்பாவிடம் காட்டினேன்.

"பழம் நல்லாருக்கும்மா. ஆனா இப்படி வெறுமன கொட்டினா விழுப்புரம் போறதுக்குள்ள அடிப்பழம் கூழாயிடும். அடியில வைக்கோல் எங்க?"

பலாக் காலத்தில் ஷெட்டே மணக்கும் என்றார். தேங்காய் மட்டை நாரை இடித்துப் பிரித்து, பொடியாக வெட்டி, வேகன் அடியிலும் பழங்களுக்கு நடுவிலும் வைத்தேன். அந்த நார்தான் லோடை லோடாக்கியது. பழத்தை விட அது முக்கியம் என்றுகூடச் சொல்லுவேன். சரக்கை யாரோ கையால் ஏற்றியிருக்கிறார்கள், அது எங்கோ போய்ச் சேர வேண்டும் என்ற கவலை அதில் தெரிகிறது. கட்டு, முட்டு, மூடல் மூன்றும் இல்லாத லோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அப்பாவிடம் பாஸ் ஆகாது. இப்போது எனக்கும் அந்தக் கண் வந்துவிட்டது.

மூட்டைதான் என் பெருமை. தையல்காரி என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அசல் சாக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், 60 செ.மீ. அகலம். நமக்கு 4.4-க்கு 2.7. துணிக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் கட்டுத்துணி. அலமாரியில் எப்போதோ காயத்துக்கு வாங்கி மீந்தது எல்லார் வீட்டிலும் ஒரு சுருள் இருக்கும். அதன் நெசவு இடைவெளி விட்டிருப்பதால் இந்த அளவில் கோணி மாதிரியே தெரியும். இரட்டையாக மடித்து, வடிகட்டிய டீத்தூளைத் திரும்பக் கொதிக்கவைத்து அதில் ஊறப்போட்டால் சணல் நிறம். உள்ளே உள்துணிக்கு வெட்டின மிச்சம், இல்லாவிட்டால் மணல் கசியும். ஆமாம், மணல். அரிசியோ ரவையோ ஜவ்வரிசியோ வைத்தால் மறுநாள் காலை எறும்பு வரிசை வரும், அதற்கடுத்த நாள் அணில் வரும். பஞ்சு வைத்தால் தலையணை. மணல் முக்கால் பாகம் நிரப்பினால் மூட்டை தன் கனத்தில் உட்காரும், மேலே இன்னொன்றை வைத்தால் நசுங்கி இடம் கொடுக்கும்.

வாயை உருட்டித் தைக்கும்போது இரண்டு மூலையிலும் காது விட வேண்டும். அசல் மூட்டையில் அந்தக் காதைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். அது இல்லாமல் தைத்த மூட்டைகளைப் பார்த்து அப்பா கேட்டார், "ஆள் எதைப் பிடிச்சுத் தூக்குவான்?" அட்டி போடுவதற்கும் அவரிடம் முறை உண்டு. ஒரு வரிசை நீளவாக்கில், அதற்கு மேல் வரிசை குறுக்கே, ஓரத்து மூட்டைகளின் வாய் உள்பக்கம் பார்த்து. வெளியே வாய் தெரிந்தால் வழியில் திருட்டுக் கை நுழையும் என்பது அவர் அனுபவம். வேகன் முழுக்க மணல் மூட்டை என்றால் நம் பால் கூஜா இன்ஜின் வளைவில் மூச்சுவாங்கும். ஆகவே அடியில் தெர்மகோல் கட்டை, அதன் மேல் இரண்டு வரிசை மட்டும் உண்மையான மூட்டை.

இந்த அடிக்கட்டை எல்லா லோடுக்கும் உண்டு. வேகனின் உள் அளவுக்கு ஒரு சுற்று குறைவாக வெட்டி, நடுவில் மீன் நரம்பால் ஒரு கண்ணி வைத்துவிடுவேன். கண்ணியைப் பிடித்துத் தூக்கினால் லோடு முழுசாக வெளியே வரும். கரும்பை எடுத்துவிட்டு அதே வேகனில் இரும்பை வைக்கலாம். மழை வந்தால் லோடெல்லாம் ஒரு கூடையில் வீட்டுக்குள் போய்விடும். தெர்மகோலில் ஒட்டும்போது மட்டும் கவனம். செருப்பு ஒட்டுகிற பசையும் ஸ்ப்ரே பெயின்டும் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். அதற்கு மரப்பசை, தண்ணீரில் கரையும் வர்ணம், இரண்டும்தான்.

கரும்புக்குப் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கரும்பு 3 செ.மீ. தடிமன் என்றால் நமக்கு 1.3 மி.மீ. ஈர்க்குச்சியின் நடுப்பகுதி அவ்வளவுதான் இருக்கும். பத்து சென்டிமீட்டருக்கு வெட்டி, கணுவுக்கு மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து, கட்டுக்கட்டாக நூலால் கட்ட வேண்டும். நுனியில் பச்சைத் தோகைக்குப் பழைய பச்சை ரிப்பன் நறுக்கு. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது, எங்கள் பாதையிலும் அதற்கு ஒரு ஸைடிங், அதாவது கிளைத் தண்டவாளம், கொடுத்திருக்கிறோம். ஆலையின் புகைபோக்கி, பிளம்பர் விட்டுப்போன முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப் துண்டு.

நிலக்கரியில் ஒரு சண்டை நடந்தது. சிரட்டைக்கரியையும் இஸ்திரிக் கரியையும் உடைத்து, ரவை சல்லடையில் சலித்து, மேடாக ஒட்டி வைத்தேன். கறுப்பாகப் பளபளத்தது. அப்பா பார்த்துவிட்டு, "இது சிங்கரேணி கரி. இங்க எப்படி வந்துச்சு?" என்றார். சிங்கரேணி தெலங்கானாவில், அங்கே எடுப்பது கறுப்புக் கரி. நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி. ஈரம் அதிகம், மண் மாதிரி உதிரும், பளபளப்பு கிடையாது. மேலே செம்மண்ணும் கரித்தூளும் சம அளவு கலந்து, பசை தடவித் தூவிய பிறகு ஒப்புக்கொண்டார். காபி மண்டி இன்னும் நல்ல நிறம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நிறம் நல்ல நிறம்தான். ஐப்பசி ஈரத்தில் அதன் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படரும். சாப்பிடுகிற எதையும் தோட்ட ரயிலில் வைக்காமல் இருப்பது நல்லது.

விருத்தாசலம் பீங்கான் லோடும் உண்டு, அறுந்துபோன வெள்ளை மணிமாலை. 12 மி.மீ. மணி நமக்கு 27 செ.மீ. ஊறுகாய் ஜாடி. மேல் பாதிக்குப் பழுப்பு நகப்பூச்சு. அதற்கும் அடியில் நார்தான்.

இனிப் பாதையோரம். ஜல்லிக்குப் பெரிய தேடல் தேவையில்லை. ரயில் பாதையில் கொட்டுவது 50 மி.மீ. கல், நமக்கு 2 மி.மீ. சொச்சம். வீடு கட்டுகிற இடத்தில் மீந்த எம்-சாண்டைச் சலித்தால் சல்லடை மேலே நிற்பது அதுவே. மரங்களுக்கு நான் எதையும் செய்வதில்லை, ஏனென்றால் கீழாநெல்லி இருக்கிறது. ஒரு அடி வளர்ந்த கீழாநெல்லி இந்த அளவில் கிட்டத்தட்ட ஏழு மீட்டர் புளியமரம். இலை சின்னது, வரிசையாக, கிளை விரிந்து, அப்படியே சாலையோரப் புளி. மழைக்காலத்தில் தானாக முளைக்கும். மற்றவர்கள் களை பிடுங்கும்போது நான் எங்கே எதை விடுவது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பொம்மைக்கடையில் வாங்கும் பிளாஸ்டிக் மரம் நம் வெயிலில் ஒரு கோடை தாங்கினால் பெரிது.

வெயில்தான் இங்கே உண்மையான பரீட்சை. மழைக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள், சித்திரை வெயிலுக்கு யாரும் பயப்படுவதில்லை. உறிஞ்சுகுழல், பால் பாக்கெட், பிளாஸ்டிக் கயிறு, டப்பா மூடி எல்லாம் முதல் கோடையில் வெளுத்து, தொட்டால் நொறுங்கும். தாங்குவது எது என்று பார்த்தால் ஓடு, கடப்பாக்கல் துண்டு, பி.வி.சி. பைப், அலுமினியம், பிறகு நம் ஊரில் பஞ்சமே இல்லாத ஃபிளெக்ஸ் பேனர். எங்கள் கூட்ஸ் ஷெட்டின் உள்கூரையைக் குனிந்து பார்த்தால் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதி முகம் தெரியும். வெளிக்கூரை ஆஸ்பெஸ்டாஸ். அதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தேன். பெட்டி அட்டையின் மேல் காகிதத்தை நனைத்து உரித்தால் உள்ளே அலை அலையாக இருக்கும். அலைக்கு அலை ஆறரை மில்லிமீட்டர் இருக்கும் பெட்டியாகத் தேட வேண்டும், அதுதான் ஆஸ்பெஸ்டாஸ் அலையின் அளவு. அட்டையை அப்படியே வைத்தால் முதல் தூறலில் கூழ். காய்ந்த அட்டையின் மேல் பிரியாணி பார்சல் வந்த அலுமினிய டப்பாவின் தகட்டை வைத்து, தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொரு பள்ளமாக அழுத்தி இழுத்தால் தகடு அந்த உருவத்தை வாங்கிக்கொள்ளும். சாம்பல் வர்ணத்தை மறக்காமல் அடியுங்கள். பளபளவென்று விட்டால் காக்கா கொத்திக்கொண்டு போகும்.

ஸ்டேஷன் மாஸ்டர் அறையின் ஜன்னல் கண்ணாடி, அப்பாவின் பழைய முழங்கால் எக்ஸ்ரே. ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் படம் கழன்று, லேசான நீலத்தில் தெளிந்த தகடு கிடைக்கிறது. வெயிலுக்கு வளையாது, வெளுக்காது. ஒரு ஜன்னலுக்கு மட்டும் படத்தைக் கழுவாமல் விட்டிருக்கிறேன். உள்ளே விளக்கு போட்டால் மூட்டு தெரியும். அப்பாவுக்கு அது பிடிக்கும், அம்மாவுக்குப் பிடிக்காது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. பிறகு தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது. லோடுகள் கூடையோடு பரணில் இருந்தன. வெளியே நின்றவற்றில் ஓடும் கல்லும் எபாக்ஸியில் ஒட்டியதும் அப்படியே நின்றன. வெள்ளைப் பசையில் ஒட்டியது எல்லாம் பிரிந்து மிதந்தது. அதற்குப் பிறகு வெளியே நிற்கும் எதற்கும் எபாக்ஸி அல்லது எம்-சீல் மட்டும்தான்.

இப்போதைக்கு நடக்கும் வேலை பிரேக் வேன், கூட்ஸ் வண்டியின் கடைசியில் கார்டு ஏறி வரும் பெட்டி. அது இன்னும் அரைகுறையாகத் தையல் மிஷின் பக்கத்தில் கிடக்கிறது. மாத்திரை அட்டையின் குமிழைச் சிவப்பு நகப்பூச்சில் முக்கிப் பின்விளக்கு செய்தாயிற்று. கைப்பிடிக் கம்பிக்குக் கொண்டை ஊசி வளைக்க வேண்டும். கார்டுக்கு 7 செ.மீ.யில் ஒரு ஆள் வேண்டும். எம்-சீல் பொம்மை கொஞ்சம் தொப்பையாக வந்திருக்கிறது, கார்டு என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அதுவரை வண்டியை ஓட்டலாமே என்றால் அப்பா விடவில்லை. கடைசிப் பெட்டியில் எல்.வி. போர்டு (லாஸ்ட் வெஹிக்கிள், இதுதான் கடைசிப் பெட்டி என்று காட்டும் பலகை) இல்லாமல் போனால், அடுத்த ஸ்டேஷனில் வண்டி முழுசாக வந்ததா, நடுவில் அறுந்து பாதி நின்றுவிட்டதா என்று எப்படித் தெரியும் என்கிறார். மஞ்சள் ஃபிளெக்ஸில் நகம் அளவுக்கு வெட்டி, 'எல்.வி.' எழுதி, பலாப்பழ வேகனின் பின்கொக்கியில் கம்பியால் கட்டியிருக்கிறேன். பிரேக் வேன் வரும்வரை தற்காலிக அனுமதி, பகலில் மட்டும்.